ஈரத்தின் வயது

ஆயிரத்து நூற்றைம்பது டாலர்.
வாங்கிய அன்று இரண்டு முறை எண்ணினார் வெர்ன் டாலஃப்சன்,
கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு.
முன்பணம் என்று பெயர்.
பின்னால் வராது என்பதைத்தான்
அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்களோ என்னவோ.

சாவியை ஒப்படைத்து மூன்று வாரம்.
டுலூத்தில் ஏரியின் ஓரம் உறையத் தொடங்கியிருந்தது.
விடிகாலை நான்கே முக்காலுக்கு
பள்ளிப் பேருந்தின் கண்ணாடியில் பனி சுரண்டும்போதெல்லாம்
அந்தப் பணம் ஞாபகம் வரும்.
புதிய வீட்டுக்காரிக்குக் கொடுக்க
என் அக்கா இர்யாவிடம் கடன் வாங்கியிருந்தேன்.
அவள் கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதை நன்றாகவே செய்வாள்.

பிறகு ஓர் உறை வந்தது.
காசோலை இல்லை, கணக்கு.

சுவரில் ஈரம், குடியிருப்பவரின் கவனக்குறைவு: அறுநூற்று எண்பது.
பெயிண்ட்: முந்நூற்றுப் பத்து.
துப்புரவு: நூற்று அறுபது.

கூட்டிப் பார்த்தேன்.
ஒரு சென்ட் கூடவில்லை, குறையவில்லை.
என்னிடம் எவ்வளவு வாங்கியிருந்தார் என்பது
சுவருக்கும் தெரிந்திருக்கிறது.

நீதிமன்றத்தில் மூன்றாவது மாடி.
என் சீருடையின் முதுகில் இன்னும் பேருந்து எண்.
நீதிபதிக்கு ஜலதோஷம்,
இருமல் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து
மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டே கேட்டார்.
டாலஃப்சன் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார்.
'குளிக்கும்போது இவர் ஜன்னலைத் திறப்பதேயில்லை' என்றார்.
மைனஸ் இருபத்தைந்தில்
யார் ஐயா ஜன்னலைத் திறக்கிறார்கள்
என்று நான் கேட்கவில்லை.
நீதிபதி மூக்கைச் சிந்தினார்.
அதுவே கேட்ட மாதிரி இருந்தது.

புகைப்படத்தை நீட்டினேன்.

படுக்கையறை அலமாரிக்குள்
கோட்டுகளுக்குப் பின்னால் இருந்தது அது.
ஈரக் கறையைச் சுற்றி, பென்சிலில், ஒருவர் வரைந்த எல்லை.
அதைத் தாண்டி இன்னொன்று. அதையும் தாண்டி மற்றொன்று.
ஏரி வரைபடத்தில் ஆழம் காட்டும் கோடுகள் போல.
ஒவ்வொன்றின் மேலும் சின்ன எழுத்தில்:
ஏப்ரல் 2011.
ஏப்ரல் 2012, சொன்னேன்.
மார்ச் 2014, மறுபடியும் சொன்னேன்.
கீழே டி.எம். என்று இரண்டு எழுத்து.
எல்லாவற்றுக்கும் வெளியே
நீல மெழுகுப் பென்சிலில் என் கோடு, 2019.
என் மகனின் பெட்டியிலிருந்து எடுத்தது.
குடிவந்த வாரமே படமெடுத்து அவருக்கு அனுப்பினேன்.
'பார்க்கிறேன்' என்று பதில் வந்தது.
நான்கு குளிர்காலம் பார்த்தார்.
நான் காலி செய்ததும்
அதன்மேல் வெள்ளை அடித்து
அடித்த கூலியை என் தலையில் கட்டினார்.

'யார் இந்த டி.எம்.?'

டாலஃப்சன் தன் காலணியைப் பார்த்தார்.
சூடேற்றும் குழாய் இரண்டு முறை தட்டிற்று.
'டார்லீன் மெட்சா. ஆறு வருஷம் இருந்தாள்.'

அவளுடைய முன்பணம்?
நீதிபதி கேட்கவில்லை. அது என் வழக்கில் இல்லை.

துப்புரவுக் கணக்குக்கு வந்தபோது
நானே சொன்னேன்: சமையல் மேடையில் ஒரு சூட்டுத் தழும்பு,
சட்டி வைத்தது நான்தான்.
அவர் அதை எழுதவேயில்லை.
இல்லாததைத் தேடிய அவசரத்தில்
இருந்ததைத் தவறவிட்டிருந்தார்.
நாற்பது டாலர் கழித்தார்கள்.
இர்யா இன்றுவரை என்னை முட்டாள் என்கிறாள்.
இருக்கலாம்.
ஆனால் மீதி ஆயிரத்து நூற்றுப் பத்தை
வங்கியில் நீட்டியபோது
என் கை என்னுடையதாக இருந்தது.

டார்லீன் மெட்சாவைத் தேடினேன்.
கிளாக்கேயில் அந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார்.
மதியம், பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரம்,
காலிப் பேருந்தில் உட்கார்ந்து எண்ணை அழுத்துகிறேன்.
மணி அடிக்கிறது.
என்ன சொல்லித் தொடங்குவது?

உங்கள் கோடுகள் நின்றன, அம்மா.
சுவரில் இல்லை. அங்கே வெள்ளை அடித்துவிட்டார்கள்.

மணி அடித்துக்கொண்டிருக்கிறது.